‘மிகவும்’ என்றால் எவ்வளவு?

புராஸ்டேட் சுரப்பியின் எம்.ஆர்.ஐ. அறிக்கையைக் கையில் வாங்கும் நோயாளி முதலில் தேடுவது ஓர் எண்ணை. பைராட்ஸ் 3 என்றோ 4 என்றோ எழுதியிருக்கும். எண் என்பதாலேயே அது அளந்து பெறப்பட்டது என்று பலரும் கொள்கின்றனர். உண்மையில் அது ஒரு சொல்லின் மாற்றுரு.

2019இல் வெளியான பைராட்ஸ் 2.1 கையேடு இதை மறைக்கவில்லை. சுரப்பியின் புறமண்டலத்தில் ஐயத்துக்குரிய ஓர் இடம், நீர் மூலக்கூறுகளின் பரவலைக் காட்டும் இருவகைப் படங்களிலும் ‘மிகவும்’ மாறுபட்டுத் தெரிந்தால் 4. ஒன்றில் மட்டும் அப்படித் தெரிந்தால் 3. 4க்கும் 5க்கும் இடையே அளவுகோல் உண்டு: 1.5 செ.மீ. 3க்கும் 4க்கும் இடையே நிற்பதோ ஓர் அடைச்சொல். (செலுத்தப்படும் மாறுபாட்டு மருந்து 3ஐ 4ஆக உயர்த்துவதும் உண்டு, அது தனிக்கதை.) ‘மிகவும்’ என்பதற்குக் கையேடு தரும் பொருள்: அதே மண்டலத்தின் வேறெந்தப் புள்ளியையும் விடக் கூடுதலாக. ஒப்பீட்டுச் சொல்லுக்கு இன்னோர் ஒப்பீடே பொருளாகிறது. ஆனால் அச்சொல்லின் இப்பக்கம் காத்திருப்பு, அப்பக்கம் ஊசி. திசு எடுப்பதால் குருதிக்கசிவும் தொற்றும் நேரலாம். எடுக்காமல் விட்டால் புற்று வளரலாம்.

2017இல் வெளியான பிரிட்டனின் ‘பிராமிஸ்’ ஆய்வில், 576 ஆண்களிடையே, சிகிச்சை தேவைப்படும் புற்றுநோயை எம்.ஆர்.ஐ. 93 விழுக்காடு கண்டுகொண்டது. அத்தகைய புற்று இல்லாதோரை இல்லை எனச் சரியாகச் சொன்னதோ 41 விழுக்காடுதான். அளவீட்டுக்கு வேலை இருப்பது இந்த இடைவெளியில்.

அளவீடும் கைக்கெட்டும் தொலைவில்தான் இருக்கிறது. செல்கள் நெருங்கிய கட்டியில் நீர் மூலக்கூறுகள் தாராளமாக நகர்வதில்லை, ஏ.டி.சி. மதிப்பு குறைகிறது. 2015இன் பைராட்ஸ் கையேடே நொடிக்கு 750 முதல் 900 சதுர மைக்ரோமீட்டர் வரையிலான ஒரு வரம்பு உதவலாம் என்றது. ஆயினும் படி வகுக்கும்போது எண்ணை விட்டுச் சொல்லையே கைக்கொண்டது. காரணம் உண்டு. சி.டி.யில் நீர் 0, காற்று −1000 என்ற ஹவுன்ஸ்பீல்டு அலகு இருக்கிறது. எம்.ஆர்.ஐ. படத்தின் வெளிச்சத்துக்கு அப்படி ஓர் அலகே இல்லை. அலகு உடைய ஏ.டி.சி.யும் பி-மதிப்பு மாறினால் மாறும். கருவி மாறினால் மாறும். மருத்துவர் எந்த இடத்தில் வட்டமிட்டார் என்பதாலும் மாறும்.

எனவே எண் வந்தால் கண் வேண்டாம் என்போர் கூற்று பொருந்தாது. சிறுநீர்ப்பைப் புற்றுக்காக பி.சி.ஜி. மருந்து பெற்றவரின் புராஸ்டேட்டில் ஏற்படும் வீக்கமும் ஏ.டி.சி.யைத் தாழ்த்தும், அவர் என்ன சிகிச்சை பெற்றவர் என்பதை எண் அறியாது. ஆனால் எண் நிலையற்றது, ஆகவே எழுத வேண்டாம் என்ற வாதம் அதைவிடப் பலவீனமானது. ‘மிகவும்’ என்பது மட்டும் நிலையானதா? கட்டியின் மதிப்பை அதே மனிதரின் இயல்பான திசுவின் மதிப்பால் வகுத்தால் கருவிசார் வேறுபாட்டில் ஒரு பகுதி கழிந்துபோகும். இது எளிய கணக்கு.

இந்தியாவில் முதல் படம் ஓர் ஊரிலும் அடுத்த படம் வேறோர் ஊரின் வேறொரு கருவியிலும் எடுக்கப்படுவது அரிதன்று. இரண்டு ‘மிகவும்’களை ஒப்பிட வழியில்லை. ஏ.டி.சி. சராசரி, பயன்படுத்திய பி-மதிப்புகள், காந்தப்புல வலிமை, வட்டத்தின் பரப்பு ஆகிய நான்கும் எழுதப்பட்டிருந்தால், ஒப்பிடலாமா கூடாதா என்றாவது அடுத்த மருத்துவர் முடிவு செய்வார். இதற்குப் புதிய கருவி வேண்டியதில்லை; அறிக்கையில் ஒரு வரி போதும். பி-மதிப்புகள் பெரும்பாலும் நோயாளியிடம் தரப்படும் குறுந்தகட்டிலேயே பதிவாகியிருக்கின்றன.