சிகாகோ: வேலி இல்லாத கரை

சிகாகோவுக்கு முதல்முறை வருபவர்கள் மிச்சிகன் ஏரியைப் பார்த்துக் கடல் என்றே நினைக்கிறார்கள். அலை அடிக்கிறது. மறுகரை தெரியவில்லை. கோடையில் மணலில் குடை விரித்துக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருக்கிறார்கள். தண்ணீரில் உப்பு இல்லை என்பது மட்டும்தான் வித்தியாசம். ஏரியின் பரப்பு சுமார் 58,000 சதுர கிலோமீட்டர். அதாவது, கேரளத்தைப் போல ஒன்றரை மடங்கு.

ஏரியைவிட வியப்பானது அதன் கரை. அமெரிக்காவின் மூன்றாவது பெரிய நகரம் இது. ஏரியைப் பார்த்த வீடு என்றால் விலை எங்கோ போய்விடும். ஆனாலும் கரையின் பெரும்பகுதி யாருக்கும் சொந்தமில்லை. 29 கிலோமீட்டர் நீளத்துக்கு நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் பாதை போட்டிருக்கிறார்கள். இருபதுக்கும் மேற்பட்ட குளிக்கும் கரைகள். எதற்கும் டிக்கெட் கிடையாது.

இதற்கு நன்றி சொல்ல வேண்டிய ஆள் ஒரு வியாபாரி. 1836ல் நகரத்துக்கு வரைபடம் போட்டவர்கள் ஏரியோரத் துண்டு நிலம் ஒன்றில் 'இது பொது இடம், என்றைக்கும் கட்டிடம் வரக்கூடாது' என்ற பொருளில் ஒரு குறிப்பு எழுதிவைத்தார்கள். பிறகு எல்லோரும் அதை மறந்துபோனார்கள். 1871ல் நகரத்தைத் தின்ற பெருந்தீயின் இடிபாடுகள் அங்கேதான் ஏரியில் கொட்டப்பட்டன. குப்பையும் கொட்டகைகளும் சேர்ந்தன. தபால் மூலம் சாமான் விற்றுப் பணக்காரரான மான்ட்கோமரி வார்டின் அலுவலகம் அதற்கு எதிரே இருந்தது. 1890ல் அவர் அந்தப் பழைய குறிப்பைக் காட்டி வழக்குப் போட்டார். இருபது ஆண்டுகள் விடவில்லை. நகரத்தின் வளர்ச்சிக்குக் குறுக்கே நிற்கிறார் என்று பத்திரிகைகள் திட்டின. நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்த நிலம்தான் இன்றைய கிரான்ட் பூங்கா.

சுற்றிப் பார்ப்பதை இந்தப் பூங்காவின் வடமேற்கு மூலையிலிருந்து தொடங்கலாம். ரயில் தண்டவாளங்களுக்கும் கார் நிறுத்துமிடத்துக்கும் மேலே தளம் போட்டு 2004ல் திறக்கப்பட்டது மில்லெனியம் பூங்கா. மும்பையில் பிறந்த சிற்பி அனிஷ் கபூரின் 'கிளவுட் கேட்' இங்கேதான் இருக்கிறது. 168 எஃகுத் தகடுகளை இணைத்துத் தையல் தெரியாமல் மெருகேற்றிய, சுமார் 100 டன் எடையுள்ள இந்தப் படைப்பை உள்ளூர்க்காரர்கள் 'அவரை விதை' என்றே அழைக்கிறார்கள். மொத்த நகரமும் அதில் வளைந்து தெரிகிறது. பக்கத்தில் பிராங்க் கெரி வடிவமைத்த இசை மேடை. வார்டு வாங்கிய தீர்ப்புகளின்படி இவ்வளவு உயரத்துக்குக் கட்டிடம் எழுப்ப முடியாது. அதனால் இது கட்டிடமல்ல, கலைப்படைப்பு என்று வகைப்படுத்திவிட்டார்கள்!

அங்கிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது ஆர்ட் இன்ஸ்டிடியூட் அருங்காட்சியகம். பூங்காவில் கட்ட விதிவிலக்குப் பெற்ற பெரிய கட்டிடம் இது. 1893 செப்டம்பர் 11 அன்று சர்வமத மாநாட்டில் விவேகானந்தர் பேசியது இந்தக் கட்டிடத்தில்தான். அவர் பயணத்துக்குச் சென்னையில் வீடு வீடாகப் பணம் திரட்டிய அளசிங்கப் பெருமாளை நினைத்துக்கொள்ளவும் இதுவே இடம். சுவாமிஜி பேசிய அரங்கம் இப்போது இல்லை. வாசலில் எல்லோரும் படம் எடுத்துக்கொள்ளும் இரண்டு வெண்கலச் சிங்கங்கள் அடுத்த ஆண்டுதான் வந்து சேர்ந்தன. எதிரே உள்ள தெருவின் ஒரு பகுதிக்கு அவர் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது.

தெற்கே நடந்தால் 1927ல் அமைத்த பக்கிங்ஹாம் நீரூற்று. அதையும் தாண்டினால் மூன்று பெரிய நிறுவனங்கள் பக்கம் பக்கமாக நிற்கின்றன. ஃபீல்டு அருங்காட்சியகத்தைப் பூங்காவுக்கு நடுவில் கட்டத்தான் முதலில் திட்டமிட்டார்கள். வார்டு தடுத்ததால் அது பூங்காவின் தெற்கே தள்ளிப்போய், 1921ல் அங்கே திறக்கப்பட்டது. 1997ல் ஏலத்தில் சுமார் 84 லட்சம் டாலருக்கு வாங்கிய 'சூ' என்ற டைனோசர் எலும்புக்கூடு இங்கே புகழ்பெற்றது. அடுத்து ஷெட் மீன்காட்சியகம். நிலத்தின் முனையில் 1930ல் திறந்த ஆட்லர் கோளரங்கம். கோளரங்கத்துக்கு வெளியே, ஏரியைப் பார்த்த படிக்கட்டில் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தால் வானளாவிகளின் முழு வரிசையும் தெரியும்.

அந்த வரிசையில் உயரமானது 110 மாடி, 1,451 அடி வில்லிஸ் கோபுரம். 1973ல் உச்சம் தொட்டபோது இதன் பெயர் சியர்ஸ் கோபுரம். கால் நூற்றாண்டு உலகிலேயே உயரமான கட்டிடமாக இருந்தது. குழாய்களைக் கட்டாகக் கட்டியதுபோல் இதை நிற்கவைத்த பொறியாளர் பஸ்லூர் ரஹ்மான் கான், டாக்காவில் பிறந்தவர். 103வது மாடியில் கண்ணாடித் தரை போட்ட பால்கனிகள் இருக்கின்றன. தலைசுற்றல் உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது.

கட்டிடங்களைப் பார்க்கச் சிறந்த வழி ஆற்றில் படகுப் பயணம். இந்த ஆற்றுக்கும் ஒரு கதை உண்டு. நகரத்தின் சாக்கடையைச் சுமந்து ஏரியில் கலந்த ஆறு இது. நகரம் குடித்ததும் அதே ஏரித் தண்ணீர்தான். எனவே 1900ல் 45 கிலோமீட்டர் கால்வாய் வெட்டி ஆற்றை எதிர்த்திசையில் திருப்பினார்கள். கழிவு தன் பக்கம் வருகிறது என்று மிசௌரி மாநிலம் வழக்குத் தொடுத்து 1906ல் தோற்றது.

கரைக்கான சண்டை இன்னும் ஓயவில்லை. 'ஸ்டார் வார்ஸ்' இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் தன் சேகரிப்புகளை வைத்து இங்கே ஒரு அருங்காட்சியகம் கட்ட விரும்பினார். 2014ல் அதற்காக ஏரிக்கரையில் பார்த்துவைத்த இடம் ஒரு கார் நிறுத்துமிடம். மேயர் ஆதரித்தார். பூங்கா ஆர்வலர்கள் அமைப்பு ஒன்று நீதிமன்றம் போனது. 2016ல் லூகாஸ் சிகாகோ திட்டத்தைக் கைவிட்டார்; அருங்காட்சியகம் பிறகு லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போய்விட்டது. வந்த லட்சுமியைத் துரத்திவிட்டார்கள் என்று ஒரு சாரார் குமுறினார்கள். ஒருவருக்கு விட்டால் அடுத்தவருக்கும் விட வேண்டிவரும் என்பது மறுதரப்பின் பதில். கிட்டத்தட்ட இதையேதான் வார்டும் சொன்னார்.

போக ஏற்ற காலம் மே முதல் அக்டோபர் வரை. ஜனவரியில் கரையோரம் ஏரி உறைந்துவிடும், காற்று முகத்தை அறுக்கும். ஓஹேர் விமான நிலையத்திலிருந்து நீல வழி ரயிலில் நகர மையம் முக்கால் மணி நேரம். அருங்காட்சியகக் கட்டணங்கள் கையைக் கடிக்கும். மில்லெனியம் பூங்கா, லிங்கன் பூங்கா மிருகக்காட்சிசாலை, ஏரிக்கரை மூன்றும் இலவசம். நல்ல செருப்பு மட்டும் வேண்டும்.