பழைய கமரா வில்லைகள்: பெயரா, பயனா?

நமது கல்லூரி மண்டபச் சுவரிலுள்ள பழைய குழுப்படங்களை உற்று நோக்கியோர், பின்வரிசை மாணவனின் சட்டைப் பொத்தானும் தெளிவாய்த் தெரிவதைக் கண்டு வியந்திருப்பர். துருத்தி பூட்டிய பெரிய கமராவும், பித்தளைக் குழலுள் அமைந்த வில்லையும் செய்த வேலை அது. இத்தகைய வில்லைகளைத் தேடி வாங்குவோர் இன்றும் உளர். அவர்கள் வாங்குவது பெயரையா, பயனையா என்பதே என் கேள்வி.

நானும் முதலிற் பெயரையே வாங்கினேன். புகழ்பெற்ற முத்திரை பொறித்த வில்லையொன்றைப் படத்தில் மட்டும் பார்த்துத் தருவித்தேன். கைக்கு வந்தபின் ரோச் வெளிச்சத்திற் பார்த்தால், உள்ளே சிலந்திவலை போற் பூஞ்சணம்! குற்றம் பாராது வாங்கிய என்னுடையதே.

வாங்குவோர் ரோச் விளக்கை வில்லையூடாகச் செலுத்திப் பார்த்தல் வேண்டும். மேற்பரப்பிலுள்ள சிறு கீறல் பெருந்தீங்கு செய்யாது. உள்ளே படர்ந்த மங்கலே படத்தைக் கெடுக்கும். 4×5 அங்குலத் தகட்டின் மூலைவிட்டம் ஏறக்குறைய 160 மில்லிமீற்றர். வில்லை தரும் ஒளிவட்டம் அதனிற் குறையுமாயின் மூலைகள் இருண்டுவிடும். மிகப் பழைய சில வில்லைகளில் துவார எண்கள் வேறுமுறையில் உள்ளன. அங்கே 4 என்பது இன்றைய எஃப் 8 ஆகும். இதனை அறியாதார் படத்திற்கு வேண்டிய ஒளியிற் காற்பங்கே கொடுப்பர். ஷட்டர் இல்லையே என்று வருந்துதலும் வேண்டா. துவாரத்தைச் சுருக்கி, மூடியைக் கழற்றி, விநாடிகளை எண்ணி மீண்டும் மூடினாற் போதும். 1866 இல் தோன்றிய ராபிட் ரெக்டிலினியர் வகை பெருந்தொகையாகச் செய்யப்பட்டமையால் மலிவாகவே கிடைக்கும். அடக்கமான அவ்வில்லை பொறுமையுள்ளவனுக்குச் சிறந்த படந்தரும்.

குறையுள்ள வில்லையாற் பயனில்லை என்பார், 1875 இல் இலங்கைக்கு வந்து, 1879 இல் இங்கேயே மறைந்து, பொகவந்தலாவையில் அடக்கஞ் செய்யப்பெற்ற ஜூலியா மார்கரெட் கமெரன் அம்மையாரை நினைப்பாராக. 1840 இல் பெட்ஸ்வால் வகுத்த முறையிலமைந்த வில்லைகள் நடுவிலே தெளிந்து ஓரத்திலே மங்குவன. இங்கிலாந்தில் இருந்த காலத்தில் அம்மையார் அத்தகைய வில்லையொன்றைக் கொண்டே முகங்களைப் படம்பிடிக்கத் தொடங்கினார். தெளிவில்லை என்று அக்காலத்து வல்லுநர் இகழ்ந்த அப்படங்களை இன்று நூதனசாலைகள் போற்றிக் காக்கின்றன.

ஆதலின் வில்லையை அது செய்யும் வேலைகொண்டே மதித்தல் தகும். அலுமாரியிற் பூட்டிய வில்லை நம் நாட்டு ஈரலிப்பிலே பூஞ்சணத்துக்கு இரையாகும். இத்தகைய வில்லையொன்று வீட்டிலே உறங்கக் காணும் பழைய மாணவர், அதனை இன்றைய மாணவரொருவர் கையிற் கொடுத்துப் பழக்குவாராக. அடுத்த விழா மலரின் குழுப்படம் அதனாலேயே எடுக்கப்படட்டும்.