எச்ஐவி இருந்தா டிபி குணமாகாதா? யார் சொன்னது?

1/ "எச்ஐவியும் இருக்கு, மருந்துக்கு அடங்காத டிபியும் இருக்கு. இனி வைத்தியம் பார்த்து என்ன ஆகப்போகுது?" இப்படிச் சொல்றவங்க இதைக் கொஞ்சம் படிங்க.

2/ இந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. தென்னாப்பிரிக்காவின் டுகேலா ஃபெரியில் இருந்து 2006இல் வந்த ஆய்வு: முக்கிய மருந்துகள் எதுக்கும் அடங்காத டிபி வந்த 53 பேரில் 52 பேர் இறந்தாங்க. எச்ஐவி பரிசோதனை செய்த அத்தனை பேருக்கும் தொற்று இருந்தது.

3/ ஆனா பழியை எச்ஐவி மேல மட்டும் போடாதீங்க. ரிசல்ட் வர்றதுக்குள்ளயே பலர் இறந்துட்டாங்க. கேட்கிற மருந்தும் அப்போ கையில இல்ல.

4/ அதே நாட்டில் பிறகு நடந்தது நிக்ஸ்-டிபி ஆய்வு. பெடாக்விலின், பிரிட்டோமானிட், லினிசோலிட் என மூணே மருந்து, பெரும்பாலானோருக்கு 6 மாதம். 109 பேரில் பாதிப் பேருக்கு எச்ஐவி. பத்தில் ஒன்பது பேர் தேறினாங்க. எச்ஐவி இருந்தவங்களும் பின்தங்கல.

5/ பக்கவிளைவு? உண்டு. லினிசோலிடால் பலருக்குக் கைகால் மரத்துப்போச்சு. டோஸைக் குறைச்சுச் சமாளிச்சாங்க. எதிர்ப்பு சக்தி அடியோடு போனவங்களை ஆய்வில் சேர்க்கல. அதனாலதான் சொல்றேன், நாள் கடத்தாதீங்க.

6/ எச்ஐவி மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க. எஃபாவிரென்ஸ் சாப்பிட்டா டாக்டர்கிட்ட சொல்லுங்க. அது பெடாக்விலின் அளவைக் குறைச்சிடும், மாத்தித் தருவாங்க.

7/ "இவங்களுக்கு மருந்து வேலை செய்யாது"ங்கிறது மருத்துவம் இல்ல, கைகழுவல். மருந்து வேலை செய்யும். நேரத்துக்குக் கொடுக்கணும், அவ்வளவுதான்.