மழைக்காலமும் மருந்துக்கடைக் களிம்பும்

தொம்மலூரில் ஜூன் முதல் அக்டோபர் வரை மழைக்காலம். நனைந்தபடி பஸ் ஏறுகிறவர் ஈரச் சட்டையோடும் ஈரக் காலுறையோடும் மாலைவரை வேலை செய்கிறார். துவைத்த துணி இரண்டு நாளானாலும் காய்வதில்லை. விளைவு? தொடை இடுக்கில் படர்தாமரை. கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண்.

நம்மவர் செய்யும் வைத்தியம் என்ன? மருந்துக்கடைக்குப் போய், "அரிப்புக்கு ஏதாவது கொடுங்கள்" என்பதுதான். அப்படி வாங்கும் கலப்புக் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு உண்டு. இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், நோய் அடங்காது. தோலின் எதிர்ப்புச் சக்தி குறைவதால் பூஞ்சை மேலும் பரவும். களிம்பை நிறுத்தியதும் முன்னிலும் பெரிதாகக் கிளம்பும். நாளடைவில் தோல் மெலிந்து கோடு விழும்.

வழக்கமான மருந்துக்கு அடங்காத பூஞ்சையும் நம் நாட்டில் பரவிவிட்டது. 2020-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதற்கு வைத்த பெயரிலேயே இந்தியாவின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது: டிரைக்கோபைட்டான் இண்டோடினியே!

டாக்டர் சீட்டு இல்லாமல் 14 வகை ஸ்டீராய்டு மேற்பூச்சு மருந்துகளை விற்கக்கூடாது என்று 2018-ல் மத்திய அரசு உத்தரவிட்டது. உத்தரவு ஏட்டோடு நின்றால் பயனில்லை. அதிகாரிகள் கடைகளைச் சோதிக்க வேண்டும்.

நாமும் சும்மா இருக்கலாகாது. வீடு திரும்பியதும் குளித்து, இடுக்குகளை ஈரம் போகத் துடைக்க வேண்டும். ஒருவர் துண்டை இன்னொருவர் தொடக்கூடாது. அரை நாள் சம்பளம் போனாலும் சரி, சிவாஜிநகர் பவுரிங் ஆஸ்பத்திரி தோல் பிரிவுக்குப் போய் வருவதே மேல். டாக்டர் சொன்ன நாள்வரை மருந்தை நிறுத்தக்கூடாது.

முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை: மாற்றுத் துணி வைக்க ஓர் அலமாரி, உடை மாற்ற ஓர் அறை. தொழிலாளி கேட்பது இவ்வளவுதான்.