கெட்டிலுக்குள் ஒளிந்த பீர்

ஃபோர்ட் கொச்சியின் சில உணவகங்களில் ஒரு காலத்தில் ‘ஸ்பெஷல் டீ’ பிரசித்தம். பீங்கான் கெட்டிலில் வரும். கோப்பையில் ஊற்றினால் நுரைக்கும். பீர் விற்க உரிமம் இல்லாத கடைகளின் உபாயம் அது. பயண வழிகாட்டி நூல்களிலேயே ஏறிவிட்டதால், அதை ரகசியம் என்று சொன்னது சம்பிரதாயத்துக்குத்தான்.

அங்கிருந்து சற்றுத் தள்ளி மட்டாஞ்சேரி. கோடை மாலையில் காயலிலிருந்து காற்று வராத நாட்களில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்கு நான்கு நண்பர்கள் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்குப் பீரின் கசப்பு ஆகாது. ஒருவர் ஸ்கூட்டரில் திரும்ப வேண்டும். ஒருவர் குடியை விட்டு ஆறு மாதம் ஆகிறது. நான்காமவருக்கு எதுவும் சம்மதம். இவர்களுக்கு என்ன கொடுப்பது?

பீரில் வேறு பானம் கலப்பது புதிய சமாச்சாரம் அல்ல. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பீரோடு இஞ்சி பானத்தைக் கலந்து ‘ஷாண்டிகாஃப்’ என்றார்கள். இன்றைய ‘ஷாண்டி’ அதன் சுருக்கம். பவேரியாவில் எலுமிச்சை சோடா கலந்த பீருக்கு ‘ராட்லர்’, அதாவது சைக்கிள்காரர், என்று பெயர். மெக்சிகோவின் ‘மிச்செலாடா’வில் எலுமிச்சை, உப்பு, மிளகாய் சேரும்.

இவை எல்லாவற்றுக்கும் வேண்டிய சரக்கு மட்டாஞ்சேரியில் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. ‘கொச்சின் இஞ்சி’ உலகச் சந்தை அறிந்த வணிகப் பெயர். ஆங்கிலத்தின் ‘ஜிஞ்சர்’ என்ற சொல்லே வடமொழி, கிரேக்கம் வழியாகப் போன நம் ‘இஞ்சி வேர்’தான் என்பது மொழியறிஞர்கள் கருத்து. மிளகு முன்பேர வணிகத்துக்கென்று 1957இல் தோன்றிய சங்கம் இதே ஊரின் யூதத் தெருவில்தான் இயங்கியது. எலுமிச்சை, இஞ்சி, பச்சை மிளகாய், சப்ஜா விதை போட்டுக் குலுக்கும் ‘குலுக்கி சர்பத்’ கேரளச் சாலையோரங்களின் சொத்து. அதற்குள் பீர் நுழைந்தால் கூலர் தயார்.

செய்முறை எளிது. 25 கிராம் இஞ்சியை நசுக்கி, 60 கிராம் சர்க்கரை, 100 மில்லி தண்ணீருடன் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டி ஆறவைக்க வேண்டும். இரண்டு எலுமிச்சையின் சாறு, ஒரு சிட்டிகை உப்பு, கொரகொரப்பாகப் பொடித்த மிளகு, கீறிய பச்சை மிளகாய் ஒன்று, ஊறிய சப்ஜா இரண்டு ஸ்பூன் சேர்த்துக் குலுக்கலாம். குலுக்கல் இதோடு சரி. சோடாவையும் பீரையும் குலுக்கினால் பானம் கூரையில்தான் இருக்கும். கடைசியில் குளிர்ந்த சோடா 450 மில்லி, பீர் ஒரு பாட்டில், 650 மில்லி. தம்ளரைச் சாய்த்துப் பிடித்து ஊற்றினால் நுரை அடங்கும். நான்கு பெரிய தம்ளர்கள் வரும்.

இனிக் கணக்கு. 5 சதவீத பீர் ஒரு பாட்டிலில் சுமார் 32 மில்லி ஆல்கஹால் இருக்கிறது. நான்காகப் பிரித்தால் தம்ளருக்கு 8 மில்லி. ஒரு ஸ்மால் பெக் விஸ்கியில் இருப்பது சுமார் 13. ஆனால் நம் நாட்டில் அதிகம் விற்பது ‘ஸ்ட்ராங்’ ரகம். 8 சதவீதம் என்றால் ஒரு பாட்டிலில் 52 மில்லி. இரண்டு லார்ஜ் பெக்குக்குச் சமம். அதில் செய்த கூலர் தம்ளர் ஒவ்வொன்றும் ஒரு ஸ்மால். இஞ்சியும் சர்க்கரையும் கசப்பை மறைத்துவிடுவதால் நாக்கு இதைப் பழரசம் என்று நம்பும். தாகத்துக்கு இரண்டு, பேச்சுக்கு இரண்டு என்று போய்விடும். ரத்தம் ஏமாறாது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டி வண்டி ஓட்டினால் குற்றம். முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது 2019இல் திருத்தப்பட்ட சட்டம்.

கேரளத்துக்கு வேறு விதிகளும் உண்டு. குடிப்பதற்கான வயதை அரசு 2017இல் 21லிருந்து 23 ஆக்கியது. கடையில் வாங்கிய பீரை வீட்டில் கலப்பது ஒரு விஷயம். வீட்டிலேயே நொதிக்கவைப்பது வேறு விவகாரம். கிறிஸ்துமஸுக்கு வீட்டில் ஒயின் போடும் வழக்கமுள்ள ஊரில், உரிமம் இல்லாமல் அதைச் செய்வது குற்றம் என்று 2019 டிசம்பரில் கலால் துறை எச்சரித்தது.

கெட்டில் சட்டத்தின் கண்ணிலிருந்து பீரை மறைத்தது. இனிப்பு, குடிப்பவரிடமிருந்தே மறைக்கிறது. இரண்டாவதுதான் ஆபத்து. குடியை விட்டவருக்குத் தெரியாமல் ஒரு தம்ளர் கைமாறினால் ஆறு மாத உழைப்பு ஒரு மடக்கில் போய்விடலாம்.

வழி இருக்கிறது. பீரை ஜாடியில் கலக்காமல் இருப்பதுதான் அது. இஞ்சி எலுமிச்சைச் சாறு எல்லாத் தம்ளரிலும் சமமாக இருக்கட்டும். சோடாவும் மூடி திறக்காத பீரும் மேஜை நடுவில், லேபிள் தெரிய நிற்கட்டும். வேண்டியவர் வேண்டிய அளவு தானே ஊற்றிக்கொள்வார். ஸ்கூட்டர்காரரும் குடியை விட்டவரும் சோடாவோடு நிறுத்திக்கொள்வார்கள். ஏன் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. உபசாரம் என்பது அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருப்பதும்தான்.