சாவி யார் கையில்?

அச்சன்புதூரில் நாற்று நடும் பெண்களானாலும், மில்லில் ஷிப்டு பார்க்கும் தோழர்களானாலும், கூலி உயர்வைப் பற்றி இன்று பேசுவது கைபேசியில்தான். அந்தப் பேச்சு பண்ணையார் காதுக்கும் முதலாளி காதுக்கும் போகாமலிருக்க எந்தச் செயலியை நம்புவது?

நம்மூர்ச் சரக்கை நம்பலாம் என்பார்கள். பக்கத்து மத்தளம்பாறையில் அலுவலகம் கொண்ட சோஹோவின் 'அரட்டை' 2025 செப்டம்பரில் நாடெங்கும் பரவியது. அனுப்புகிறவரும் பெறுகிறவரும் மட்டுமே திறக்கக்கூடிய பூட்டு அப்போது அதன் அழைப்புகளுக்கு இருந்தது. எழுத்துச் செய்திகளுக்கு இல்லை.

வாட்ஸ்அப் செய்திக்குப் பூட்டு உண்டு. ஆனால் நம் விவரங்களை மெட்டாவின் மற்றக் கம்பெனிகளோடு பகிர வற்புறுத்திய 2021-ம் வருஷக் கொள்கைக்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

சிக்னலை நடத்துவது லாப நோக்கமற்ற ஸ்தாபனம். 2016-ல் அமெரிக்கக் கோர்ட்டு விவரம் கேட்டபோது, கணக்குத் தொடங்கிய நேரமும் கடைசியாக இணைந்த நாளும் தவிர, கொடுப்பதற்கு அதை நடத்தியவர்களிடம் ஏதுமில்லை. சங்கப் பேச்சுக்கு அதுவே ஏற்றது என்பது நமது கருத்து.

ஆனால் தோழர்களே, குழுவிலேயே கருங்காலி இருந்தால் எந்தப் பூட்டும் வீண். குழுவில் இருப்பவர் யார் யார் என்று பாருங்கள்! பழைய செய்திகள் தாமாக அழியும்படி வையுங்கள்! சாவி உழைப்பவர் கையிலேயே இருக்கட்டும்!