கையிலா, பெட்டியிலா?

2014-ம் ஆண்டு ஆகஸ்டு 9-ந் தேதி. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து லோகன் விமான நிலையம். பிரயாணி விமானம் ஒன்றின் அடிப்பகுதியில், சாமான்கள் அடுக்கியிருந்த அறையில் தீப்பிடித்தது. விமானத்தில் இருந்தவர்களை அவசரமாக வெளியேற்ற வேண்டியதாயிற்று. பெட்டிகளை இறக்கிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. பிரயாணி ஒருவர் தம் பெட்டிக்குள் வைத்திருந்த மின் சிகரெட்டுதான் அது.

ஐந்து மாதம் கழித்து, 2015 ஜனவரி 4-ந் தேதி, லாஸ் ஏஞ்சல்ஸ் விமான நிலையத்தில் இதே கதை. அங்கே ஒரு பெட்டி தாமதமாக வந்து, ஏற வேண்டிய விமானத்தைத் தவறவிட்டது. சாமான் பகுதியில் அது எரிந்துகொண்டிருந்ததைச் சிப்பந்திகள் கண்டார்கள். அதற்குள்ளும் ஒரு மின் சிகரெட்! அந்தப் பெட்டி நேரத்தோடு வந்து விமானத்தில் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நினைத்துப் பார்க்கவே நெஞ்சு நடுங்குகிறது.

இத்தகைய சம்பவங்களுக்குப் பிறகுதான் 2015-ல் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து ஸ்தாபனம் ஒரு விதி செய்தது. மின் சிகரெட்டை நிலையத்தில் ஒப்படைக்கும் பெட்டியில் வைக்கக் கூடாது. பிரயாணி தம்முடன் கையிலேதான் கொண்டு போக வேண்டும். விமானத்துக்குள் அதற்கு மின்சாரம் ஏற்றவும் கூடாது என்பது அந்த விதி.

முதலில் கேட்பவர்களுக்கு இது தலைகீழ் நியாயமாகத் தோன்றும். கத்தியையும் கத்தரிக்கோலையும் கீழே அனுப்பச் சொல்கிறார்கள். தீப்பிடிக்கும் பொருளை மட்டும் மடியில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்களே, இது என்ன வேடிக்கை என்று கேட்கிறவர்கள் உண்டு.

வேடிக்கை ஒன்றும் இல்லை. மின் சிகரெட்டின் உயிர்நாடி அதிலுள்ள லித்தியம் பாட்டரி. அது ஒரு கம்பிச் சுருளைச் சூடாக்கித் திரவத்தை ஆவியாக்குகிறது. பெட்டிக்குள் துணிமணிகளின் நெருக்கத்தில் விசை தானாக அழுந்திவிட்டால் சுருள் சூடேறிக்கொண்டே இருக்கும். பாட்டரி நசுங்கினாலோ, பழுதுபட்டாலோ அது தனக்குத் தானே கொதிக்கத் தொடங்கும். சாமான் அறையில் தீயை அடக்க ஹாலான் என்ற வாயு இருக்கிறது. அது சுவாலையை அடக்கும். ஆனால் பாட்டரியின் வயிற்றுக்குள் பொங்கும் வெப்பத்தை நிறுத்த அதனால் முடியாது. வெப்பத்தைத் தணிக்க வேண்டுமானால் தண்ணீர் ஊற்றிக் குளிரச் செய்ய வேண்டும். பறக்கும் விமானத்தின் சாமான் அறைக்குள் இறங்கி யார் தண்ணீர் ஊற்றுவது? அதே பொருள் பிரயாணியின் பக்கத்தில் இருந்தால், புகை கிளம்பியதும் நாலு பேர் கண்ணில் படும். பணிப்பெண் ஓடி வந்து கவனிப்பார். தீப்பிடிக்காத இடம் என்று எண்ணி இதை மேலே அனுமதிக்கவில்லை. தீப்பிடித்தால் மனிதன் கை எட்டுகிற இடம் என்பதற்காகவே அனுமதித்திருக்கிறார்கள்.

தென் கொரியா இன்னும் ஒரு படி மேலே சென்றிருக்கிறது. 2025 ஜனவரி 28-ந் தேதி பூசான் நகரத்து கிம்ஹே நிலையத்தில் ஒரு விமானம் புறப்படுவதற்கு முன் தீப்பிடித்தது. உள்ளே இருந்த 176 பேரும் உயிர் பிழைத்தது பெரிய காரியம். தலைக்கு மேலுள்ள சாமான் தட்டில் கிளம்பிய தீ அது. அந்த ஆண்டு மார்ச் முதல் தேதியிலிருந்து பவர் பாங்குகளையும் மின் சிகரெட்டுகளையும் மேல் தட்டில் வைக்கக் கூடாது, கண்ணுக்கெதிரே வைத்திருக்க வேண்டும் என்று அந்நாட்டார் உத்தரவிட்டார்கள்.

விதி நல்ல விதிதான். ஆனால் அதில் ஒரு ஓட்டை இருக்கிறது. விமானத்தில் கூட்டம் அதிகமாகி, மேல் தட்டில் இடம் இல்லாவிட்டால், வாசலில் நிற்கும் சிப்பந்தி கைப்பையை வாங்கிக் கீழே சாமான் அறைக்கு அனுப்பிவிடுகிறார். அதுவரை விதிப்படி நடந்த பிரயாணி, அந்த ஒரு நொடியில் தம்மை அறியாமலே விதியை மீறியவராகிவிடுகிறார். பையை வாங்கும்போது, "பாட்டரிச் சாமான், மின் சிகரெட் ஏதாவது உள்ளே இருக்கிறதா?" என்று ஒரு வார்த்தை, பிரயாணிக்குப் புரிகிற பாஷையில் கேட்டால் என்ன? சுவரில் ஒட்டிய பத்துப் படங்கள் செய்யாததை அந்த ஒரு கேள்வி செய்துவிடும். 'கூடாது' என்பதை மட்டும் சொன்னால் ஜனங்கள் முணுமுணுப்பார்கள். 'ஏன் கூடாது' என்பதையும் சொன்னால் ஒத்துழைப்பார்கள்.

விமானத்துக்குள் அதைப் பற்றவைத்துப் பார்க்கலாம் என்ற சபலம் சிலருக்கு வருவதுண்டு. 2018 ஜூலை 10-ந் தேதி ஹாங்காங்கிலிருந்து சீனாவின் டாலியன் நகருக்குப் பறந்த ஏர் சைனா விமானத்தில் நடந்ததை அவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். விமானி அறையில் துணை விமானி மின் சிகரெட் பிடித்தார். புகை வெளியே போகாமலிருக்க ஒரு விசிறியை நிறுத்தப் போய், கைதவறிக் காற்றுச் சாதனத்தையே நிறுத்திவிட்டார். பிராணவாயு முகமூடிகள் பிரயாணிகளின் தலைக்கு மேல் தொங்கின. விமானம் 10,000 அடி உயரத்துக்கு வேகமாக இறங்க நேரிட்டது. தொழில் தெரிந்தவருக்கே இந்தக் கதி!

திரவத்துக்கு விதி வேறு. கையோடு கொண்டு போனால் பொதுவாக ஒரு புட்டி 100 மில்லி லிட்டருக்கு மேற்படக் கூடாது. மேலே போகப் போக விமானத்தினுள் காற்றழுத்தம் குறைவதால், நிரம்பிய குப்பி கசிந்து சட்டைப் பையை நனைத்துவிடும்.

இவ்வளவையும் ஒழுங்காகச் செய்தவருக்கும் ஒரு பெரிய கண்டம் காத்திருக்கிறது. அதுதான் இறங்கும் நாட்டின் சட்டம். விமான விதி இடம் கொடுத்தால் நாடும் இடம் கொடுக்கும் என்பது பொருள் அல்ல. சிங்கப்பூரில் 2018 பிப்ரவரி முதல் தேதியிலிருந்து மின் சிகரெட்டை வைத்திருப்பதே குற்றம். நம் நாட்டிலும் 2019-ம் வருஷச் சட்டம் அதன் இறக்குமதி, போக்குவரத்து, விற்பனை யாவற்றையும் தடை செய்கிறது. முழுப் பொருளானாலும் சரி, உதிரிப் பாகமானாலும் சரி. முதல் குற்றத்துக்கே ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்!

அயல்நாட்டில் வேலை பார்க்கும் தம்பி ஒருவன், அங்கே கடையில் பகிரங்கமாக விற்கிறதே என்று சிநேகிதனுக்காக ஒன்று வாங்கி வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். ஏறிய ஊரில் அவன் விதிப்படி நடந்த பிரயாணி. சென்னையில் இறங்கியதும் குற்றவாளி. அவனை எச்சரிக்க வேண்டிய பொறுப்பு விமானக் கம்பெனிக்கு இல்லையா? டிக்கெட்டில் உணவு விவரம் அச்சிடுகிறவர்கள், போகும் நாட்டில் எது தடை என்பதையும் இரண்டு வரி அச்சிடலாமே!

அந்த நாள் வரும்வரை பிரயாணிகள்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். வெளிநாட்டில் ஊர்விட்டு ஊர் போகிறவர், அங்கே சட்டம் அனுமதித்தால், கையிலே வைத்துக்கொள்ளட்டும். சென்னைக்கு விமானம் ஏறுகிறவருக்கோ கையிலும் வேண்டாம், பெட்டியிலும் வேண்டாம். சிநேகிதனுக்கு வாங்கி வர எத்தனையோ நல்ல சாமான்கள் இருக்கின்றன.